யாரோ மூன்று

எங்கள் ஊரில் ஒருவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தால் பேசப் போகிறார் என்று அர்த்தம். சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தால் அது வேறு. ஜவ்வாது மலையில் பதினோரு வீடுள்ள எங்கள் ஊருக்கு டவர் எட்டாது. மேட்டு வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறிக் கிழக்கே திரும்பி நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். காலை மாற்றி வைத்தால் அதுவும் போய்விடும். சந்தவாசலில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, கல்யாணமாகி மலையேறி வந்த எனக்கு முதல் இரண்டு வருஷம் அந்தப் பாறைதான் தாய்வீடு.

பிறகு கேபிள் வந்தது. கீழேயிருந்து கம்பம் கம்பமாக ஏறி வந்த கம்பி எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது. ஊருக்கே ஒரே இணைப்பு எங்களுடையது. அதை நம்பித்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தினமும் மாலை ஐந்தேகாலுக்கு வகுப்பு. நான்கு பிள்ளைகள், நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷம் நான் வேறு ஆள். அடுப்பங்கரையில் தேடினாலும் கிடைக்காத பொறுமை பின்னம் சொல்லிக்கொடுக்கும்போது எங்கிருந்தோ வந்துவிடும். அந்த வேலை போனால் பழையபடி பாறைமேல் நிற்கும் மருமகள்தான் நான். அதனால் எங்கள் வைஃபை பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று நினைத்தேன்.

தொட்டார்கள். ஊரே தொட்டது. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என் மாமனார்.

மாமனார் சாமையும் புளியும் பார்க்கிற மனிதர். எங்கள் வேலியோரம் ஒரு பெரிய பலாமரம் உண்டு. அந்த மரத்தை வைத்து அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பழத்தை அறுத்தால் வாசனை எந்த வீடுவரை போகிறதோ அந்த வீடுவரை சுளையும் போயாக வேண்டும். காற்று பலமாக அடித்த ஒரு வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து, எங்களுக்கும் வாசனை வந்தது என்றார்கள். மறுபேச்சில்லாமல் கொடுத்தனுப்பினார். வீட்டில் எங்களுக்கு மிஞ்சியது கொட்டைதான்.

இணைப்பு வந்த மாதம் ஒருநாள் ஊரைச் சுற்றிவிட்டு வந்தவர், தலைத்துண்டை உதறியபடி என்னைக் கூப்பிட்டார்.

“நம்ம வூட்டு வைபை பேரு ஊருல எல்லாரு போனுலயும் தெரியுதும்மா.”

“அது அப்படித்தாங்க மாமா தெரியும். ஆனா உள்ள வர முடியாது. பாஸ்வேர்டு போட்டிருக்குது.”

“பேரு மட்டும் போவும், பொருளு போவாதா? இன்னா ஞாயம் இது?”

அவர் கேட்ட தோரணையில், அறுத்த பழத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தின்றவள்போல எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் கூச்சப்பட்டால் பின்னம் நடத்த முடியாது. சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன். சரி, என் போனுக்காவது எழுதிக் குடு என்றார். மாமனாருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் பார்த்தால் எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் பாஸ்வேர்டு எழுதியிருந்தது. ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர் அவர். கோலப் புத்தகத்தைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார். பெரிய எழுத்து பெரிதாக, சின்ன எழுத்து சின்னதாக, ஒரு பிழை இல்லை. நான் கொடுத்ததைவிட அழகாக இருந்தது என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

நான் பாஸ்வேர்டை மாற்றினேன். அவர் தன் போனுக்கென்று அதையும் எழுதி வாங்கிக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் புதியதை எழுதினார். மூன்றாவது முறை எனக்குக் கோபம் தலைக்கேறி, ‘கேட்டால் தரமாட்டேன்’ என்பதையே ஆங்கில எழுத்தில் பாஸ்வேர்டாக வைத்தேன். அதையும் பயபக்தியோடு சுவரில் ஏற்றிவிட்டார். சாமை மூட்டையோடு அந்த வழியாகப் போன யாரோ அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்க, ஊர் ஒரு வாரம் சிரித்தது. என்னைக் கண்டால், “கேட்டா தரமாட்டீங்களாமே டீச்சரம்மா” என்றார்கள். கேட்டுக்கொண்டே உள்ளேயும் வந்துவிட்டார்கள்.

அடுத்த தடவை காகிதமே கிடையாது. நானே அவர் போனில் அடித்துக் கொடுத்தேன். அதற்குள் யாரோ அவருக்குப் போனில் ஓர் இடத்தை அழுத்தினால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும், அதை இன்னொரு போனால் படம் பிடித்தால் கதவு திறந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கற்பூரத் தட்டைக் காட்டுவதுபோல வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தார். வைஃபையின் பெயரையே வெளியே தெரியாதபடி மறைத்துப் பார்த்தேன். வாசனையை அடைத்துவிட்டால் சுளை கேட்க மாட்டார்கள் அல்லவா? ஆனால் மாமனாரின் கட்டப்படத்துக்கு அந்த மறைப்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு நடுவில் என் வகுப்பு சந்தி சிரித்தது. வயலிலிருந்து ஊர் திரும்பி, கைகால் கழுவி, ஆளுக்கொரு போனோடு எங்கள் பின்சுவரில் சாய்ந்து உட்காரும் நேரமும் என் வகுப்பு நேரமும் ஒன்று. நான் ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்று வாயைத் திறப்பேன். படம் அப்படியே நின்றுவிடும். “மிஸ், உங்க வாய் மூடவே மாட்டேங்குது” என்று பிள்ளைகள் கூவுவார்கள். அரைக்கண் மூடி, வாய் திறந்து நிற்கும் என் முகத்தை ஒரு பையன் படமெடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் கேட்கும்போதெல்லாம் எனக்கே அனுப்பினான்.

வகுப்புகளை மேற்பார்வை பார்க்கும் அம்மையார் ஒருவர் உண்டு. சென்னையிலிருந்து பேசுவார். குரல் பஞ்சுபோல இருக்கும், சொல்லும் விஷயம் அப்படி இருக்காது. முதல் எச்சரிக்கை வந்தது, இரண்டாவதும் வந்தது. பிறகு ஒருநாள், “அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை உங்க கிளாஸ்ல நானே உட்காரப் போறேன்மா. அன்னிக்கும் படம் நின்னுச்சுன்னா மேற்கொண்டு உங்களை வச்சிக்கிறது கஷ்டம்” என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கணவர் செங்கம் சந்தைக்கு வேன் ஓட்டுகிறவர். நான் பேசினால் எனக்குத் தலையாட்டுவார், அவர் அப்பா பேசினால் அவருக்கும் ஆட்டுவார். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார். வைஃபை பெட்டிக்குள் ஒரு பக்கம் இருக்கிறது, அதைத் திறந்தால் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும், பிடிக்காதவர்களை வெளியே தள்ளலாம் என்று செங்கத்தில் எவரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். லாப்டாப்பில் திறந்து பார்த்தேன். பதினேழு கருவி! ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்துமாகப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு முகவரி. எது எவருடையது என்று ஒன்றும் தெரியவில்லை.

கணக்கு டீச்சர் என்பதால் முதல் வேலையாக ஒரு நோட்டுப் போட்டேன். முகவரிகளை எழுதி, பக்கத்தில் அடையாளம் எழுதினேன். தெரிந்தவரை ‘மாமா’, ‘சின்ன மாமா’, ‘மாமா’, ‘மச்சான்’, ‘மாமா’. எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் எனக்கு மாமா முறை, அதற்கு நான் என்ன செய்ய? தெரியாதவர்களுக்கு யாரோ ஒன்று, யாரோ இரண்டு, யாரோ மூன்று என்று வரிசையாகப் பெயர் வைத்தேன். என் மாமனாரின் போனுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ‘மாமா’ என்று எழுதினால் எந்த மாமா என்று குழப்பம் வரும். பெயரை எழுதலாமென்றால், மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள் கையால் எழுதுவாளா? கோபத்தில்கூட எழுத வரவில்லை. இடத்தைக் காலியாக விட்டேன். என் போனுக்கு ‘நான்’ என்று எழுதினேன், லாப்டாப்புக்கு மட்டும் அதுவும் எழுதவில்லை. கண்ணெதிரே இருக்கும் பொருளுக்கு எதற்கு அடையாளம்? இந்த இரண்டு காலி இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஒரே மூச்சில் எல்லா மாமாக்களையும் எல்லா யாரோக்களையும் வெளியே தள்ளினேன். ஆஹா, என்ன ஒரு சுகம்! பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு போனாக ஊமையாகி, “இன்னாடா ஆச்சி”, “உனக்கு வருதா”, “எனுக்கும் வர்ல” என்று குரல்கள் எழ, நான் உள்ளே தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘ஒழிந்தது’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

சந்தோஷம் மூன்று நாள் தாங்கவில்லை. இந்தக் காலத்துப் போன்களுக்கு மாறுவேஷம் போடத் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஓர் இடத்தில் தட்டினால் போதும், பழைய முகவரியை விட்டுப் பொய் முகவரி ஒன்றைப் போட்டுக்கொண்டு புதிய ஆளாக வந்து நிற்கும். ஒருவன் கண்டுபிடித்தான், ஊருக்கே சொல்லிவிட்டான். ஒழிந்த மாமாக்கள் எல்லாம் வேறு வேறு முகவரியில் திரும்பி வந்தார்கள். யாரோ மூன்று மட்டும் வரவே இல்லை. அதற்கு முன்பெல்லாம் அந்தப் போன்தான் பெரிய தொந்தரவு. தினமும் சரியாக ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்து வீடியோவாக இழுக்கும். ஒருதடவை தள்ளியதோடு ஒதுங்கிக்கொண்டதே, மரியாதை தெரிந்த போன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக எடுத்தேன் பாருங்கள் ஓர் ஆயுதம். வேண்டாதவர்களைத் தள்ளுவதை விட்டுவிட்டு, வேண்டியவர்களை மட்டும் பட்டியலில் எழுதுவது. பட்டியலில் இல்லாத எதுவும், எந்த வேஷத்தில் வந்தாலும், உள்ளே நுழைய முடியாது. லாப்டாப், என் போன், கணவர் போன், மாமனார் போன். நான்கே முகவரி. அந்தப் பக்கத்துக்குள் வேறு யாரும் வராமல் அதற்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டேன். அதை எங்கேயும் எழுதக்கூட இல்லை. லாப்டாப்பே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு இனி வேலை இல்லை.

ஒரு வாரம் வகுப்பு வெண்ணெயாக ஓடியது. பின்சுவரில் ஆள் இல்லை. மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் பேசாமல் இருக்கிற ஆளா?

எட்டாம் நாள் என் வாய் மறுபடி திறந்தபடி நின்றது. வகுப்பு முடிந்ததும் பட்டியலைப் பார்த்தேன். நான்குதான். ஆனால் மாமனாரின் போன் மட்டும் ஒரு கல்யாண மண்டபம் சாப்பிடுகிற அளவுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேலியோரப் பலாமரத்தடியில் கயிற்றுக்கட்டில். கட்டிலில் மாமனார், சட்டைப்பையில் போன். அவரைச் சுற்றி அரைவட்டமாக ஊர். எங்கள் வீட்டு வைஃபையை அவர் போன் வாங்கி, ஹாட்ஸ்பாட் வழியாக எல்லோருக்கும் விளம்பிக்கொண்டிருந்தது. அவர் சிறுநீர் கழிக்க எழுந்து போனால், “மாமா, போன வெச்சிட்டுப் போங்க” என்று நான்கு குரல் கேட்டது.

நான் போய் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

“இன்னாங்க மாமா இது?”

“நீ எனுக்குக் குடுத்த பங்கும்மா. எம்பங்க நான் யாருக்குக் குடுத்தா இன்னா?”

சுற்றியிருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவும் இல்லை. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சிரித்தது வாய்தான். மனதுக்குள் வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டேன். அன்று ஒருநாள், ஒரே ஒருநாள், மாமனாரின் போனையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டினேன். வகுப்பு முடிந்ததும் திரும்பச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். லாப்டாப் மட்டும் இருக்கவேண்டும், மற்ற மூன்றும் போகட்டும் என்று நோட்டைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். என் போன், போனது. கணவர் போன், போனது. அடுத்து, அடையாளம் எழுதாத காலி வரி. அந்த முகவரியைத் தேடிப் பிடித்து அழித்தேன். ‘மாற்றங்கள் இன்னும் சிறிது நேரத்தில் நடைமுறைக்கு வரும்’ என்று ஏதோ வந்தது. திருப்தியாக லாப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நல்ல புடவையாக எடுத்துக் கட்டினேன். பூ வைத்துக்கொண்டேன். மேற்பார்வை அம்மையாருக்கு என் தலை தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியுமே.

ஐந்து பத்துக்கு வந்து திறந்தால், வைஃபை இல்லை.

ஒருதரம் இணைத்துப் பார்த்தேன். மறுதரம் இணைத்தேன். பிறகுதான் நோட்டைப் பார்த்தேன். காலி வரி ஒன்றல்ல, இரண்டு. நான் அழித்தது மேலே இருந்ததை. மேலே இருந்தது என் லாப்டாப். சந்தேகமே இல்லாமல், சிவப்பு மைக்குப் பெயர்போன இந்தக் கணக்கு டீச்சர், தன் வீட்டு வைஃபையிலிருந்து தன்னையே வெளியே தள்ளிவிட்டு, மாமனார் ஒருவரை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள். வயர் சொருகலாமென்றால் இந்த ஒல்லி லாப்டாப்பில் அதற்கு ஓட்டையே கிடையாது. பெட்டியில் குண்டூசியால் குத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கலாமென்றால், கேபிள்காரர் கீழேயிருந்து வந்து எல்லாம் போட்டுத்தர இரண்டு நாள். பாறைக்கு ஓடினால் இருபது நிமிஷம். என்னிடம் இருந்தது ஐந்து.

லாப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பலாமரத்துக்கு ஓடினேன். பட்டுப்புடவையும் பூவுமாக நான் ஓடிவருவதைப் பார்த்து ஊர் முதன்முறையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கியது.

“இன்னாம்மா, வூட்ல யாருக்கு இன்னா?” என்று மாமனார் எழுந்துவிட்டார்.

“நெட்டு இல்லீங்க மாமா.”

“நெட்டு இல்லியா? இங்க நல்லா வருதே!”

அதை அவர் அப்பாவியாகத்தான் சொன்னார் என்று இன்றுவரை சாதிக்கிறார். நான் நம்பவில்லை. அவர் போனை வாங்கி அந்தப் பெட்டிப் பக்கத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. எந்தச் சுவரிலும் எழுதாத பாஸ்வேர்டு. லாப்டாப்புக்குள் தேடினால் எடுத்திருக்கலாம் என்பது மறுநாள்தான் தோன்றியது. அன்று மூளை வேலை செய்யவில்லை. “மாமா, உங்க ஹாட்ஸ்பாட்டக் குடுங்க” என்று கேட்டேன்.

“எடுத்துக்கம்மா. இன்னாத்துக்குக் கேக்கற?” என்றார்.

இணைத்தேன். சேரவில்லை. அவர் போனில் எட்டுப் பேருக்குத்தான் இடம், எட்டும் நிரம்பியிருந்தது. என் வீட்டு வைஃபையில், என் வீட்டு மரத்தடியில், எனக்கு இடமில்லை.

“எனக்கு அஞ்சேகாலுக்குக் கிளாஸு. இன்னிக்குப் படம் நின்னா வேலையே போயிடும்” என்று பொதுவாகச் சொன்னேன். குரல் எனக்கே அழுகைபோலக் கேட்டது.

முதலில் எழுந்தது பக்கத்து வீட்டு அக்கா. அரைவட்டத்தின் ஓரத்தில், மரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த போனில் ஒரு கைக்குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் மகளைக் குடகில் காப்பித்தோட்டத்து வேலைக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றதும் தெரியும்.

“பாப்பா, அப்பறம் பேசறேன். டீச்சரம்மாவுக்கு வேணுமாம். வெச்சிர்றேன் கண்ணு” என்று போனுக்கு ஒரு முத்தம் வைத்துவிட்டு அணைத்தார். எனக்கு இடம் கிடைத்தது.

அடுத்து மாமனார் அரைவட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் போனை அணைத்து மடியில் கவிழ்த்தார்கள். புளிக்கூடையைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தார் ஒருவர். அதன்மேல் லாப்டாப்பை வைத்தேன். மணி ஐந்தேகால்.

மேற்பார்வை அம்மையார் ஒரு கறுப்புக் கட்டமாக மூலையில் உட்கார்ந்திருந்தார். நான்கு பிள்ளைகளும் வந்தார்கள். வந்ததும் கணக்கைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அங்கே மாமனாரும் ஒரு டஜன் ஊராரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“மிஸ், அது யாரு இவ்ளோ பேர்? இன்ஸ்பெக்‌ஷனா?”

“எங்க ஊர்க்காரங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்குப் பின்னத்தில் சமபங்கு. அதற்காக வரைந்துவைத்த பீட்சா படம் அவசரத்தில் வீட்டிலேயே கிடந்தது. தலைக்கு மேலே தொங்கியதைக் காட்டினேன். “இந்தப் பலாப்பழத்துல தொண்ணூறு சுளை இருக்குன்னு வச்சிக்கலாம். ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தா ஒரு வீட்டுக்கு எவ்வளவு பங்கு?”

பையன் ஒருவன் ஒன்பதில் ஒன்று என்றான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து மாமனார், “தப்பு” என்றார்.

“மாமா!”

“வெட்டறவனுக்கு ஒரு பங்கு இல்லியா? கையெல்லாம் பிசினு, எண்ணெ தடவினாலும் போவாது. பத்துல ஒண்ணுன்னு சொல்லு.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிசின் என்றால் என்ன என்று கேட்டார்கள். அதற்குள் இன்னொரு பெண், வெட்டுகிறவர் வீடும் அந்த ஒன்பதில் ஒன்றாக இருந்தால் என்று கேட்க, ஊராருக்குள் அது ஒரு வழக்காகி, இரண்டு கட்சியாகிவிட்டது. நான் அதையே கணக்காகப் திரையில் எழுதினேன். நாற்பது நிமிஷம் போனதே தெரியவில்லை. என் வாய் ஒருதரம்கூட நிற்கவில்லை. கடைசியில் கறுப்புக் கட்டத்திலிருந்து பஞ்சுக்குரல் கேட்டது.

“படம் ரொம்ப நல்லா இருந்ததும்மா. இனிமே இந்த இடத்திலயே உட்கார்ந்து எடுங்க. நீங்க தொடரலாம்.”

லாப்டாப்பை மூடியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினார். புளி வாசனை அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“தினம் இந்த நேரத்துக்குத்தான் உனுக்குக் கிளாஸா?” என்று கேட்டார்.

“ஆமாங்க மாமா.”

“நீ நடத்தறது தெரியும். நாங்க எடுத்தா உனுக்கு நின்னுபோவும்னு யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்த சொல்லிருந்தா அப்பவே வெச்சிருப்பாங்களே.”

பாஸ்வேர்டை மாற்றினேன், பெயரை மறைத்தேன், தள்ளினேன், பூட்டினேன். சொன்னேனா? சென்னை அம்மையாரிடம் சொன்னேன், கணவரிடம் சொன்னேன், நோட்டிடம் சொன்னேன். ஐந்தடி தள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தவர்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் லாப்டாப்பிலிருந்து பாஸ்வேர்டைத் தேடி எடுத்து, மாமனாரின் போனில் பட்டியலைத் திறந்து, ஊர்ப் போன்களை ஒவ்வொன்றாக வரவழைத்து எழுதினேன். ஐந்தேகாலுக்கு ஊரே போனைக் கவிழ்ப்பது என்று ஏற்பாடு. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து காவல் பார்ப்பார். முதல் வாரமே அந்த நேரத்தில் திருட்டுத்தனமாக வீடியோ பார்த்துப் பிடிபட்டது அவருடைய மகன்தான். “அவன் போன எடுத்துடு” என்று எனக்கு உத்தரவாயிற்று. நான் சந்தோஷமாக எடுத்தேன். இப்போது பட்டியலில் இல்லாத ஒரே போன் என் கணவருடையது. அவர் அதற்கும் தலையாட்டினார்.

கடைசியாக வந்தது பக்கத்து வீட்டு அக்கா. போனை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். முகவரியைப் பார்த்து நோட்டில் எழுதப் போனேன். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. யாரோ மூன்று. பக்கத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், ‘ஒழிந்தது’.

“அது கெட்டுப்போயிருந்திச்சிம்மா” என்றார் அக்கா. “கொயந்த பொறந்து பத்து நாளு கூட ஆவல, திடீர்னு வராம பூட்சி. ரிப்பேருன்னு செங்கத்துக்கு பஸ்ல எடுத்துட்டுப் போனேன். ஒண்ணுமில்லன்னாங்க. மறுபடியும் போனேன். அப்பவும் ஒண்ணுமில்லன்னாங்க. அப்பறம் உங்க மாமா பக்கத்துல குந்துனாத்தான் வந்திச்சி, அதுக்குள்ள கொயந்த மொகமே மாறிப்பூட்சி.”

நோட்டை மூடினேன். சொல்லியிருக்க வேண்டும். நான்தான் அக்கா, உங்கள் போனில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டுதரம் வாயைத் திறந்தேன். வகுப்பில் நிற்பதுபோல அப்படியே நின்றது. பிறகு முகவரியைப் பட்டியலில் ஏற்றி, போனில் வைஃபை வந்ததைக் காட்டி, திருப்பிக் கொடுத்தேன். அவர் அங்கேயே மகளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“டீச்சரம்மா செரி பண்ணிட்டாங்க பாரு! செங்கத்துக்காரனுக்கே தெரியல!” என்று குழந்தையிடம் சொன்னார்.

அதிலிருந்து ஊரில் எந்தப் போன் கெட்டாலும் என்னிடம்தான் வருகிறது. கண்ணாடி உடைந்தது, தண்ணீரில் விழுந்தது, ஒன்றை மாடு மிதித்துவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. அக்கா நேரில் பார்த்த சாட்சி சொல்கிறார்.

இந்த வருஷம் அவர் வீட்டுப் பலா முதலில் பழுத்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. எங்கள் வீட்டுக்கு வாசனையே வரவில்லை. அப்படியும் முதல் தட்டு எங்களுக்குத்தான் வந்தது. “நீங்க மட்டும் இல்லன்னா பேத்தி மொகத்தப் பாத்திருப்பனா?” என்று சொல்லி நீட்டினார். மாமனார் என்னையும் தட்டையும் பார்த்தார். நான் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைய இருந்ததால் அன்றைக்கும் சொல்லவில்லை.